கல் என்றால் எந்த நாள்?

செவ்வாய், தாராவி.

செம்பூர் ஆபீஸ் சர்வரில் குப்பையாகக் கிடந்த செட்டிங் ஃபைல்களை இன்று ஒழுங்குபடுத்தினேன். பழையதையெல்லாம் அழித்தேன். ஒன்றின் பெயர் ‘கல்’. இந்தியில் நேற்று. பழசுதானே என்று அதையும் அழித்துவிட்டேன்.

சாயங்காலம் கூட வேலை பார்க்கும் முருகன் அலறினான். “ஏல, நாளைக்கு மாத்துறதுக்கு மூணு நாளா உக்காந்து எழுதுன ஃபைலு எங்கல?”

“நேத்துன்னுல்லா நெனச்சேன்.”

“கல்னா நாளைக்கும்தாம்ல, கூமுட்ட!”

“தேதி போட்டா ஒன் கை தேஞ்சிருமாக்கும்?”

எவனாவது ஃபைலுக்கு இப்படிப் பெயர் வைப்பானா? அதற்கு வேறு காப்பியும் இல்லை.

டிகிரி இல்லாத என்னை நம்பிச் சர்வரைக் கொடுத்த முதலாளி கத்தவே இல்லை. “கல் பேசலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கல் எந்த நாள் என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது.