வண்டி விற்பனைக்கில்லை

அப்பா,

இன்று காலையும் இரண்டு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். காருக்கடியில் ஒரு சொட்டு ஈரமில்லை, சத்தமும் இல்லை. கெட்டது எஞ்சின் இல்லை, வாட்டர் பம்ப்தான். ஒழுகியதும் உறுமியதும் அதுவே. புதிதாக மாட்டிவிட்டேன். ஒழுக்கை அடைக்க நீங்கள் ரேடியேட்டரில் கொட்டிய மஞ்சள்தூளைக் கழுவத்தான் ஒரு பகல் போயிற்று. இனி மஞ்சள் குழம்புக்கு மட்டும்.

பழைய இரும்புக்காரர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். களியும் கீரையும் அடுப்போரம் இருக்கின்றன. மிளகு மூட்டையோடு அம்மாவும் நானும் காரில் நாமக்கல் போகிறோம்.

பரிமளா

இன்னொன்று. நேற்று புது பம்போடு ஓட்டிப் பார்க்கக் கீழே போன கார் மலையேறி வந்ததும், "சத்தமே இல்லாம ஏத்திட்டயே சாமி!" என்று தம்பி அசோக்கின் முதுகைத் தட்டினீர்கள். என்னிடம், "பொட்டப்புள்ளைக்கு இந்த ரோடு ஆகாது கண்ணு" என்றீர்கள். கூச்சத்தில் உள்ளே போய்விட்டேன்.

எழுபது கொண்டை ஊசி வளைவும் ஓட்டி வந்தது நான்தான்.