சமையலறைச் சுவரில் ஒட்டிய தாள்

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், உன் அண்ணனும் அண்ணியும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அதுபோல இருக்க வேண்டும். அம்மா நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஏன் என்று சொல்கிறேன். இது யாரோ எழுதிக் கொடுத்தது இல்லை, முழுக்க என் கையெழுத்து. நூலகத்து மாலை வகுப்புக்கு ஏழு மாதமாகப் போகிறேன், இரண்டு நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன், எனக்கே என்னைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது. முதல் கடிதத்தை ஆசையாக எழுத நினைத்திருந்தேன், திட்டி எழுத வைத்துவிட்டாய்.

அம்மா சாப்பிடுவதில்லை. போனில் நீ கேட்டால் சாப்பிட்டேன் என்பாள், சாப்பிடுவது நாலு வாய். நான் சொன்னால், வயசானா பசி குறையும்ப்பா, சகஜம்தான் என்பாய், அண்ணனும் அதையே பாடுவான். அவளைவிட மூன்று வயது மூத்த எனக்கு மட்டும் எப்படிப் பசிக்கிறது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. போன மாதம் குளியலறையில் தடுமாறியவளைத் தூக்கினேன். கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை சுமந்த தோள், தராசு பொய் சொன்னாலும் இது சொல்லாது. பத்து கிலோ காணோம்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அவளுக்குக் கால் வீங்கியபோது நீ லீவில் வந்திருந்தாய். ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டுத் தாளைச் சமையலறைச் சுவரில் பசை தடவி ஒட்டிவிட்டு, இதில் உள்ளபடிதான் கொடுக்கணும், யாரும் மாத்தக் கூடாது என்று எங்களை மிரட்டிவிட்டு விமானம் ஏறினாய். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை, முட்டை இல்லை. அண்ணி பிசகாமல் செய்தாள். அம்மா ஒரு சிட்டிகை உப்பு கேட்டால் நான்தான் டப்பாவைப் பிடுங்கி மேல் தட்டில் வைப்பேன். வாசனை பிடித்தால் ஏங்குவாள் என்று அவளை முதலில் தனியாகச் சாப்பிட வைத்துவிட்டு நாங்கள் பிறகு சாப்பிட்டோம். வகுப்பில் டீச்சர் கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாசித்துப் பழகச் சொன்னார். சோப்பு உறை, மின்சார பில் எல்லாம் முடித்து, போன செவ்வாய்க்கிழமை அந்தத் தாளுக்கு வந்தேன். உங்களைப் போல மேலோட்டமாக மேய எனக்குத் தெரியாது, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத்தான் போவேன். கடைசியில், ஓரத்தில், பொடி எழுத்தில் 'பின்பக்கம் பார்க்க' என்று இருந்தது. ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தேன். 'இந்த உணவு முறை மூன்று வாரங்களுக்கு மட்டும். பிறகு மருத்துவரைப் பார்த்து மாற்றிக்கொள்ளவும்.' என் வாசிப்பில்தான் தப்போ என்று அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் அதையேதான் வாசித்தாள். பரீட்சைத்தாள் திருத்துகிற வாத்தியாரம்மா நீ, பிள்ளைகள் பின்பக்கம் எழுதியதைப் பார்க்காமலா மார்க் போடுகிறாய்? படித்தவர்கள் மூன்று பேர் இருந்தும் கைநாட்டுக்காரன் எழுத்துப் படித்து வரும்வரை அவள் பட்டினி கிடக்க வேண்டுமா?

மறுநாளே டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார். வீக்கம் எப்போதோ சரியாகிவிட்டது, உப்பு அளவாகப் போடலாம், உடம்பு தேற வேண்டும் என்றார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். கோபத்தில் பாதி என் மேல்தான், மீதி பாதியை நீ வைத்துக்கொள். அன்று அண்ணி உப்புப் போட்டு முட்டை பொரித்து வைத்தாள். அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தினாள். "உப்பைப் போட்டுட்டீங்க. பசியை யாரு போடுவா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதிலிருந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நேற்று சாப்பிடும்போது நான் பேப்பரில் மேம்பாலம் கட்டும் செய்தியை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். "இன்னைக்குள்ள பாலத்தைக் கட்டி முடிச்சிருவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே தட்டில் பாதியைக் காலி செய்தாள், அவளுக்கே தெரியாது.

அதனால் போனில் சமாதானம் சொல்லும் வேலை வேண்டாம். அம்மாவுக்குக் கடிதம் எழுது, பெரிய எழுத்தாக எழுது, சாப்பிடும்போது நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். மன்னிப்புக்கு ஒரு வரி போதும், மற்றபடி உன் பள்ளிக்கூடத்துக் கூத்து, மாப்பிள்ளையோடு போட்ட சண்டை, எல்லாம் எழுது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறந்துவிடாதே, ஒரு பக்கம் வாசிக்க எனக்கு ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் ஆகும். வாரத்துக்கு இருபத்தோரு வேளை இருக்கிறது. பார்த்து எழுது.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உன் அப்பா