ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உங்களைப் பார்த்தேன்

என் பிரியமுள்ள மச்சானுக்கு, ஸலாம். அங்கே வெயில் கடுமை என்று நம் மகள் சொல்கிறாள். நீங்கள் இருக்கும் மண்ணாவது குளிர்ச்சியாக இருக்கட்டும்.

ஷாகிரா இப்போது நீங்கள் வேலை பார்த்த மஸ்கட்டில்தான் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே வேலை. நீங்கள் கடைசியாக லீவில் வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தவளுக்கு இன்று இரண்டு பிள்ளைகள். உங்களை அடக்கிய இடத்தை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அத்தாவைப் பார்க்க ஒரு தடவை வாங்கம்மா" என்று போன வருஷத்திலிருந்து கூப்பிடுகிறாள். மூட்டுவலி என்றேன், தையல் வேலை நிறையக் கிடக்கிறது என்றேன். உண்மையான காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் தூக்கத்திலேயே மவுத்தாகிவிட்டீர்கள் என்று போன் வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பாலக்கரை வீட்டில் உங்கள் மையத்து வந்து சேராமலே எல்லோரும் அழுதார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லையே மச்சான். பார்க்காததை எப்படி நம்புவது?

நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்த இத்தா முடிந்து வெளியே வந்த முதல் நாளே, காந்தி மார்க்கெட்டில் உங்கள் முதுகைப் பார்த்தேன். இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி நடந்தீர்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் வேறு யாரோ. அதன் பிறகு தெப்பக்குளத்தில், சத்திரம் பஸ் ஸ்டாண்டில்... எப்போதும் முதுகுதான். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஓதிப் பார்க்கக் கூட்டிப்போயிருப்பார்கள்.

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமிக்குத் தைத்த ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு, ராஜகோபுரத்தருகே ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். முன்படியில் நீங்கள் ஏறினீர்கள். அதே தோள், பிடரியில் அதே சுழி. பாலக்கரை வந்தும் நான் இறங்கவில்லை. ஜங்ஷனில் நீங்கள் இறங்க, நானும் இறங்கி, பழக்கடைகளைத் தாண்டிப் பின்னாலேயே நடந்தேன்.

டீக்கடை அருகே அவர் நின்று திரும்பினார். சின்ன வயசுப் பையன்.

"அம்மா, ஸ்ரீரங்கத்திலேருந்து என் பின்னாடியே வர்றீங்க. யாரையாவது தேடுறீங்களா?"

"என் வீட்டுக்காரரைப்பா."

"அவருக்கு என்ன வயசு இருக்கும்?"

"உன் வயசுதான்" என்றேன்.

அந்தத் தம்பி சிரிக்கவில்லை. என் நரையைப் பார்த்தார். பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார்.

நான் மட்டும் வயதாகிக்கொண்டே இளைஞர்களின் பின்னால் போயிருக்கிறேன் மச்சான். உயிரோடு இருந்தால் உங்களுக்கும் நரைத்திருக்காதா? அப்படி ஒரு கிழவர் என்னைக் கடந்துபோயிருந்தால், நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அப்படியென்றால் நீங்கள் இல்லை என்று எனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, இல்லையா?

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஷாகிராவைக் கூப்பிட்டு, டிக்கெட் எடுக்கச் சொன்னேன். அவள் போனிலேயே அழுதுவிட்டாள்.

பயமாகத்தான் இருக்கிறது. நேற்று பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வரும்போதுகூட, மெயின் கார்டு கேட்டில் எனக்கு முன்னால் போனீர்கள். என் கால் தானாக எட்டிவைத்து, பிறகு நின்றது. நீங்கள் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூட்டத்தில் எந்தப் பக்கம் போனீர்களோ?

நோன்பு பிறப்பதற்குள் வந்துவிடுவேன். உங்கள் தலைமாட்டில் நின்று ஸலாம் சொல்வேன். நீங்கள் பதில் சொல்வீர்களாம், எனக்குத்தான் கேட்காதாம். கேட்காவிட்டால் போகட்டும். உங்களை அங்கேயே விட்டுவிட்டு, நான் மட்டும் ஊர் திரும்புவேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
மெகருன்னிசா