இரண்டு குடும்பத்துக்கு ஒரு மனை

ரம்லா குடியிருப்பு
ஏப்ரல் 9

என் யம்மாவுக்கு,

சுகைனா எழுதுகிறேன். இறைவன் அருளால் நானும் ஹிபாவும் அய்யூபும் சுகமாக இருக்கிறோம். உன் முகத்தைப் பார்க்காத குறை ஒன்றுதான். மசூதி வகுப்பில் நீ படித்த எழுத்துகளைப் போலப் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதியிருக்கிறேன். நிதானமாகப் படி. ஞாயிற்றுக்கிழமை நஜியா கடைப் போனில் நீ கூப்பிடும்போது கடையில் நிற்கிற எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். நீ எது கேட்டாலும் எனக்கு "ம்" தவிர வேறொன்றும் வருவதில்லை. தாளில் அந்தத் தொல்லை இல்லை. வேன்காரர் இப்ராஹிம் வெள்ளிக்கிழமை கடல் கடந்து போகிறார். ஸ்ட்ராபெரிப் பண்ணை வாசலிலேயே உன் கையில் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

குடியிருப்பை இடித்து வேறு இடம் தருவோம் என்று நம் கதவில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போனார்களே, அது இப்போது நிஜமாகவே நடக்கப் போகிறது. சர்க்கரை ஆலைக்கு அப்பால் யூகலிப்டஸ் மரங்களை வெட்டிச் சாய்த்து, மனை பிரித்து, சாக்கடைக் குழாய் புதைத்திருக்கிறார்கள். நானும் ஹிபாவும் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு மனைக்கும் நான்கு மூலையில் இரும்புக் கம்பி நட்டிருக்கிறது. ஹிபா ஒரு மனைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, "இதுதான் சமையலறை, செருப்பைக் கழட்டு" என்றாள்.

வீடு கட்டித் தர நகராட்சியிடம் பணம் இல்லையாம். மனை மட்டும்தான், அதுவும் இரண்டு குடும்பத்துக்கு ஒன்று. அந்த இரண்டு குடும்பமும் சேர்ந்து, கையில் பணம் உள்ள ஒருவரைப் பிடிக்க வேண்டும். அவர் தன் செலவில் நான்கு தளம் கட்டுவார். கீழே இருக்கும் கடையும் முதல் மாடியும் அவருக்கு. அதற்கு மேலே உள்ள இரண்டு மாடியும் ஆளுக்கொன்றாக நமக்கு. நாம் ஒரு திர்ஹம்கூடக் கொடுக்க வேண்டாம். மே மாதக் கடைசிக்குள் ஜோடி சேராதவர்கள் அடுத்த கட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அதனால் இங்கே ஒருவரும் ஓரிடத்தில் உட்காருவதில்லை, யம்மா. காலையில் கதவைத் திறந்தால் யாராவது யார் வீட்டுக்காவது ஜோடி பேசப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பேச்சு முடிந்து வெளியே வருகிறவர்கள் முகத்தை வைத்தே முடிந்ததா முறிந்ததா என்று தெரிந்துவிடுகிறது. அரசாங்கத்துக்காக நம் பகுதியைக் கவனிக்கிற மொகத்தம் இத்ரீஸ் தெருமுனையில் நின்று எல்லோரையும் கேலி செய்கிறார். "கல்யாணம் பண்ணினாக்கூடத் தலாக் சொல்லிட்டுப் போயிடலாம். இதுல அதுவும் முடியாது. பாத்துச் சேருங்கம்மா" என்கிறார்.

நம்மோடு சேர ஒருவரும் வரவில்லை. நானாகவே ஃபத்னா அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. அவளே வந்து பார்த்துவிட்டு, "தங்கம், உன்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா உங்கம்மா வருஷத்துல பாதி ஸ்பெயின்ல. நீ வாயே திறக்க மாட்டே. நாளைக்கு மேல்மாடிக் குழாய் ஒழுகினா நான் யார்கிட்டடி சண்டை போடுறது?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நீ முதல் முறை போனபோது பள்ளியை நிறுத்தியதிலிருந்து நான் பேசியதெல்லாம் ஹிபாவிடமும் அய்யூபிடமும்தானே.

இன்னொன்றை மறக்காமல் கேட்டுக்கொள். கணக்கெடுப்பில் குடும்பத் தலைவி என்று உன் பெயர்தான் இருக்கிறது. ஜோடி சேர்ந்த பிறகு பழைய வீட்டை நம் கையாலேயே தரைமட்டமாக்க வேண்டும். நகராட்சிக் குழு வந்து பார்க்கும்போது நீ அடையாள அட்டையோடு அந்த இடத்தில் நிற்க வேண்டும். நின்றால்தான் மனை. சீசன் ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடும்தானே? எப்போதும் போல மற்றவர்களோடு பேருந்தில் வந்துவிடுவாய் என்று மொகத்தமிடம் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டித்தான் சொன்னேன்.

யாரோடு சேரலாம் என்று நீயே ஒரு பெயர் சொல். ஞாயிற்றுக்கிழமை சொல்.

உன் கைகளை முத்தமிடும்,
சுகைனா


ரம்லா
மே 14

யம்மா,

மூன்று ஞாயிறாக நஜியா கடைப் போனில் நீ கூப்பிடவில்லை. கடைக்கு எதிரில் சும்மா நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். போனில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்று ஹிபாவிடம் சொன்னேன்.

உன்னோடு பழம் பறிக்க வந்த ரப்ஹா அத்தை முதுகு பிடித்துக்கொண்டதால் முன்னதாகவே ஊருக்கு வந்துவிட்டாள். நீ கொடுத்தனுப்பிய சோப்பும் சாக்லேட்டும் வந்து சேர்ந்தன. போகும்போது, ஸ்பெயினிலேயே வேறு ஊரான அல்மேரியாவுக்கு எந்தப் பேருந்து போகும் என்று நீ யாரையோ கேட்டதாகச் சொன்னாள். வேறு யாருக்காகவாவது கேட்டிருப்பாய் என்று சொன்னேன். ஆமாம் ஆமாம் என்று அவளும் சீக்கிரமே ஒத்துக்கொண்டாள்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். படித்துவிட்டுத் தாளைக் கிழிக்காதே. நாம் தாமோவோடு ஜோடி சேர்ந்துவிட்டோம்.

ஆமாம், பக்கத்து வீட்டுத் தாமோதான். நாலு வருடத்துக்கு முன்னால் தெருக்குழாயடியில், "ஸ்பெயினுக்குப் போறவ பழம் பறிக்க மட்டுமா போறா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டவள். நீ அவளுடைய மாவுத் தொட்டியை நடுத்தெருவில் கவிழ்த்தாயே, அவள்தான். வேறு வழி தெரியவில்லை. அவள் வீட்டு உத்தரமும் நம் வீட்டு உத்தரமும் ஒரே சுவரில்தான் தாங்கி நிற்கின்றன. அவள் இடித்தால் நம் கூரை விழும். நாம் இடித்தால் அவளுடையது விழும். அவளுடைய வாய்க்குப் பயந்து அவளோடும் யாரும் சேர வரவில்லை.

காலையில் அவள் மடிப்பு ரொட்டி சுடும் இடத்தில் போய் நின்றேன். வாங்க வந்தவர்கள் எல்லோரும் போகும்வரை நின்றேன். "என்னடி, கம்பம் மாதிரி நிக்கிறே? ரொட்டி வேணும்னா காசக் குடு, வேண்டாம்னா வெயில மறைக்காதே" என்றாள். நான் பொதுச் சுவர் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன். அவளுக்கே புரிந்துவிட்டது. "ஓ, அப்படியா சங்கதி! அம்மாக்காரி என் மாவைக் கொட்டினா. மக இப்ப என் தலைமேல குடியேறப் பாக்குறா. நல்லாருக்கு!" என்று கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தாள். அப்போது எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது. "மேல் மாடிய மொட்டை மாடியோட நீங்களே எடுத்துக்கோங்க, சித்தி" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. "பேரம் பேச வந்தவ எடுத்த எடுப்புலயே மொட்டை மாடியத் தூக்கிக் குடுக்குறாளே! உன்னை வெச்சு உங்கம்மா எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ!" என்றாள். அப்புறம் அவளே பாதியைத் திருப்பித் தந்தாள். துணி காயப்போட நமக்கும் ஒரு கயிறு உண்டு. பெருநாள் ஆட்டை இரண்டு குடும்பமும் மொட்டை மாடியில் கட்டிக்கொள்ளலாம், ஆனால் புழுக்கையை நாம் கூட்ட வேண்டும். மொட்டை மாடியை உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

சிமெண்ட் கடை ஹாஜி மிலூத் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டி முடியும்வரை நமக்கும் தாமோவுக்கும் சேர்த்து ஒரு வீட்டுக்கு வாடகையும் அவரே தருவார். அறை இரண்டு, அடுப்படி ஒன்று. அதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நகராட்சிக்குப் பதிவு செய்யப் போனோம். வீட்டுத் திட்டத்தைப் பார்க்கிற அதிகாரி பெர்ராதா கெட்ட மனிதர் இல்லை. தாமோவிடம், "யோசிச்சுட்டீங்களா அம்மா? இவங்க வீட்டுத் தலைவி நேர்ல வரலேன்னா ஒப்பந்தம் ரத்து. உங்களுக்கும் மனை போயிடும்" என்று சொன்னார். மொகத்தம் இத்ரீஸ் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "அங்க ஸ்ட்ராபெரி ரொம்ப இனிப்பு, சார். உள்ள போன எறும்பு திரும்பி வராது" என்றார். இரண்டு குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

தாமோ மெதுவாகத் திரும்பினாள். "இத்ரீஸ், அவளப் பத்தி அசிங்கமாப் பேச எனக்கு உரிமை இருக்கு. நான் பக்கத்து வீட்டுக்காரி. நாலு வருஷமாப் பேசுறேன், இன்னும் பேசுவேன். ஒரே சுவத்துல ரெண்டு பேரும் சாஞ்சு கிடக்கிறோம். நீ யாரு? உனக்கும் அவளுக்கும் என்ன பொதுச் சுவரு இருக்கு?" என்று கேட்டாள். மொகத்தம் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளே எதையோ தேடினார்.

அப்போது அதிகாரி என்னைப் பார்த்து, "நீ சொல்லும்மா. உங்கம்மா வருவாங்களா?" என்று கேட்டார். யம்மா, நான் "வருவாங்க" என்றேன். தலையை ஆட்டவில்லை, வாயைத் திறந்து சொன்னேன். கதவருகே இருந்த காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. அதை வைத்துத்தான் அவர் முத்திரை குத்தினார்.

எனவே இப்போது உன் பேரில் நான் கொடுத்த வாக்கில் இரண்டு வீட்டுக் கூரை நிற்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உன் பெயரை அல்லாஹ்விடம் தினமும் சொல்லும்,
சுகைனா


ரம்லா
ஜூன் 11

யம்மா,

இதை இப்ராஹிமிடம் அல்மேரியாவில் இருக்கும் ரஷீதா அத்தையின் முகவரி போட்டுத் தருகிறேன். நீ அங்கே இல்லையென்றால், எங்கே இருக்கிறாயோ அங்கே அத்தை சேர்த்துவிடட்டும்.

ஸ்பெயின் பேருந்து சனிக்கிழமை வந்தது. நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். அய்யூப் புதுச் சட்டை போட்டுக்கொண்டான். கடைசியாக ஓட்டுநர் இறங்கிக் கதவைச் சாத்தினார். இறங்கியவர்களிடம் உன்னைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் ஹிபாவின் கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

இங்கே நம் வரிசையில் பாதி வீடுகள் தரையோடு தரையாகிவிட்டன. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். புழுதியில் ரொட்டி மாவு கூட மஞ்சளாகிவிடுகிறது. பூனைகள் எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் சுற்றுகின்றன. ராத்திரி வண்டிக்காரர்கள் தகரம் தூக்கிப் போகிறார்கள் என்பதால் தாமோ தன் தகரங்களைக் கழற்றி ஹாஜி பிடித்துத் தந்த வாடகை வீட்டுக்குள் அடுக்கியிருக்கிறாள். பொதுச் சுவரை மட்டும் விட்டு வைத்திருக்கிறோம். குழு 24ஆம் தேதி காலை வருகிறது. அன்றைக்குத்தான் அதைத் தள்ள வேண்டும்.

திங்கட்கிழமை நான் தனியாக நகராட்சிக்குப் போனேன். ஆமாம், தனியாகத்தான். அதிகாரியிடம், அம்மா வரத் தாமதமானால் வேறு வழி உண்டா என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். நீ அங்கே இருக்கிற நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குப் போய், எனக்குப் பதிலாக இன்னார் நின்று மனையை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு அதிகாரத் தாள் எழுதி முத்திரை வாங்கி அனுப்பினால் போதுமாம். மனை உன் பேரிலேயே இருக்கும். உன் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், சீசன் முடிந்தும் ஏன் அங்கே இருக்கிறாய் என்றோ வேறு எதையுமோ கேட்க மாட்டார்களாம். நான் இரண்டாவது முறையும் கேட்டேன். வேறு எதையும் கேட்க மாட்டார்கள் என்று அவர் மறுபடியும் சொன்னார்.

எனக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லை. அதனால் என் பெயரை எழுத முடியாது. தாமோவின் பெயரைத்தான் எழுத வேண்டும். அவளுடைய முழுப் பெயரையும் அட்டை எண்ணையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

தாமோவிடம் இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அறிவு இருக்காடி உனக்கு? அதை எழுதாதே. வந்தாத்தான் வீடு, இல்லேன்னா பிள்ளைங்க தெருவுலன்னு எழுது. அப்பத்தான் அடிச்சுப் புடிச்சு ஓடி வருவா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்காக ஒண்ணும் சொல்லல. தாள் வந்தாலும் எனக்கு மனை கிடைச்சிடும். உங்க மூணு பேருக்காகத்தான் சொல்றேன்" என்றாள். அவள் சொன்னபடியே ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அதை அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அங்கே சம்பளம் இங்கே இருப்பதுபோல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை வந்து திரும்பும்போதும், அடுத்த முறை கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று நீ தூங்காமல் கிடந்ததும் தெரியும். எங்களை நினைக்காமல் நீ ஒன்றும் செய்ய மாட்டாய். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே சொல்கிறேன்.

அய்யூபைக் கோடை முடிந்ததும் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஹிபாவுக்கு உன் பச்சை முக்காடு சரியாகிவிட்டது, அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள். நான் ஹாஜி மிலூத்தின் கடையில் போன் எடுத்துப் பேசுகிற வேலைக்குக் கேட்டிருக்கிறேன். நீ சிரிப்பாய். தாமோவும் சிரித்தாள்.

வீட்டுக்கு அந்தத் தாள் போதும், யம்மா. அது 23ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். அதை மட்டும் மறக்காதே.

நீ எங்கே குனிந்து வேலை செய்தாலும் இறைவன் உன் முதுகைக் காக்கட்டும். உன்னோடு தங்குகிறவர்கள் நல்லவர்களாக இருக்கட்டும். 24ஆம் தேதி காலையில் நாங்கள் மூன்று பேரும் சுவருக்குத் தெற்குப் பக்கம் நிற்க வேண்டும், கல் அந்தப் பக்கம் விழாது என்று தாமோ சொல்லியிருக்கிறாள். நாங்கள் வடக்குப் பக்கம்தான் நிற்போம். அங்கிருந்துதான் பேருந்து வருகிற சாலை தெரியும்.

உன் மகள்,
சுகைனா