நாலு இழுப்பறைப் புகைப்பெட்டி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது கைப் பெருவிரலுக்கு மட்டும் கட்டுப் போட்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பத்து விரலும் பத்திரமாகச் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை போன மாதம் அனுப்பிய படம் பார்த்தேன், கறியைப் புகையில் வாட்டக் கடையில் வாங்கிய பளபளப்பான புகைப்பெட்டியும் பக்கத்தில் மூன்று வேட்டை ஆடித் திரும்பியவர் மாதிரி அவரும். மாமா, உங்களுக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமா என்று கீழே எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார், ஆனாலும் அந்த ‘உங்களுக்கும்’ எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு நாலாம் நாள் நானே ஒன்று செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் அலுவலகம் புதுக் கட்டிடத்துக்கு மாறியபோது பழைய இரும்பு அலமாரிகளைக் கழித்துப் போட்டார்கள் அல்லவா, அதில் நான் கேட்டு வாங்கி வந்த நாலு இழுப்பறை அலமாரி பின்கட்டில் துருப்பிடித்து நின்றது. அதை ஏன் வாங்கினேன் என்று உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அது விழுங்கியின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற அலமாரி. என் பதவி உயர்வு விண்ணப்பத்தை விழுங்கிய கண்காணிப்பாளருக்கு நம் வீட்டில் அதுதானே பெயர். பதினாலு வருஷத்துக்கு முன் என் கையால் அவர் மேஜையில் வைத்த விண்ணப்பம் மேலே போகவே இல்லை, அந்த இடம் என் பக்கத்து மேஜை வழுக்கைக்குப் போயிற்று. அடுத்த வருஷம் விழுங்கி ஓய்வு பெற்ற கூட்டத்தில் எல்லாரும் பாராட்டிப் பேசி முடித்த பிறகு நான் எழுந்து, ஐயாவுக்கு நல்ல ஜீரண சக்தி, என் காகிதமே சாட்சி என்று பேசினேன். கேக் வெட்ட வந்த கத்தியோடு அவர் அப்படியே நின்றார். நீயும் உன் பங்குக்கு ஒரு நாள் தெருவில் அவரைப் பார்த்து, அப்பா, விழுங்கி போறார் என்று கத்தினாய். அன்றோடு அவர் நம் தெரு வழியாக நடப்பதை விட்டுவிட்டார். அப்படிப்பட்டவருடைய அலமாரிக்குள் நெருப்பு வைக்க ஒரு மனிதனுக்கு ஆசை இருக்காதா?

வேலையைப் பற்றிச் சொல்கிறேன், மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு. கடைசி இழுப்பறை தணல் வைக்க, அதற்கு மேல் உள்ளதின் அடித்தகட்டில் முப்பது துளை, மேல் இரண்டின் அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுக் குறுக்கே கம்பி போட்டுக் கறியைத் தொங்கவிடுவது, உச்சியில் மூடி வைத்த தகரக் குழாய். இவ்வளவுதான், இதற்குப் போய்க் கடைக்குப் போவானேன். அந்தக் கடைசி இழுப்பறை எங்கள் அலுவலகத்தில் பிரசித்தம், எத்தனையோ வருஷமாக முழுதாக மூடாது. போகிறவன் வருகிறவன் எல்லாம் முழங்காலால் ஒரு இடி இடிப்போம், நான் தினமும் இரண்டு இடி, கண்காணிப்பாளர் மேல் உள்ள கோபத்தையும் சேர்த்து. போன சனிக்கு முந்தின சனிக்கிழமை அதை முழுதாக வெளியே உருவியபோதுதான் விரல் கிழிந்தது. விரலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால் பின்சுவரில் விசிறி மாதிரி மடங்கி நசுங்கிய காகிதம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் விண்ணப்பம். மேஜையிலிருந்து ஏதோ கோப்போடு சேர்ந்து உள்ளே போய், மேல் இழுப்பறையில் பிதுங்க வைத்த கோப்புகளுக்குப் பின்னால் நழுவி விழுந்திருக்கிறது. யாரும் விழுங்கவில்லை. இத்தனை வருஷமாக அதை இடித்து இடித்துச் சுவரோடு ஒட்டியவன் நான்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த ஒரு கோபத்தை எவ்வளவு பத்திரமாக வளர்த்து வைத்திருந்தேன். சாயங்காலம் நடக்கப் போனால் பேச்சுத்துணைக்கு அதுதான். காகிதத்தைத் தணலிலேயே போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, ஆனால் உன் அம்மா என் தோளுக்கு மேல் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். பதினாலு வருஷமா ஒரு மனுஷனை ஊரெல்லாம் திட்டியாச்சு, இதை எடுத்துட்டுப் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, அதுவரைக்கும் அந்தப் பெட்டியிலேர்ந்து வர்ற எதையும் நான் வாயில வைக்க மாட்டேன் என்றாள். முதலில் கறி நன்றாக வரட்டும், வெறுங்கையோடு போகக் கூடாது என்று நாளைக் கடத்தினேன். வெறும் பெட்டியில் இரண்டு தடவை பெருந்தீ வைத்துப் பெயின்ட் முழுதும் எரித்தேன், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன், எண்ணெய் பூசினேன். தச்சரிடம் மரத்தூள் வாங்கப் போனால் அவர், சார், இதுல ஒட்டுப்பலகைத் தூளும் கலந்திருக்கு, இதுல புகை போட்டா கறி இல்ல, பிசின்தான் சாப்பிடுவீங்க என்று சொல்லி நல்ல மரச்சீவல் தனியாகக் கொடுத்தார். பன்றிக்கறியை ஐந்து நாள் உப்பில் ஊறப் போட்டு, கழுவி, மேல்புறம் கையில் ஒட்டுகிற பதத்துக்குக் காயவிட்டுத் தொங்கவிட்டேன். தணல் அணைந்து அணைந்து போயிற்று. காகிதம் போனதும் இழுப்பறை சமர்த்தாக முழுதும் மூடிக்கொள்கிறது, காற்று எங்கிருந்து வரும்? ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்ததும்தான் புகை பிடித்தது. எட்டு மணி நேரத்தில் கறி செங்கல் நிறத்தில் வந்தது. அதற்கு மேல் நாள் கடத்த எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை கண்காணிப்பாளர் வீட்டுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார், திறந்தவர் நிலையை விட்டு நகரவில்லை. ஒரு வாரம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் எல்லாம் போய், தப்பு என் மேலதான் சார், இழுப்பறைக்குப் பின்னால இருந்திருக்கு என்று மட்டும் சொல்லிக் காகிதத்தையும் பொட்டலத்தையும் ஒன்றாக நீட்டினேன். அவர் வெகுநேரம் என் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை முதலில் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனா உன்னோட பொருள்ல நான் விழுங்கினது இது ஒண்ணுதான், வீட்ல சொல்லிடு என்றார். உள்ளே வரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தை அலுவலகத்தில் படிப்பது போலவே மேலிருந்து கீழே படித்தார், பின்பக்கம் திருப்பினார், மறுபடி திருப்பினார். இதுல கையெழுத்தே இல்லையேய்யா, வந்திருந்தாலும் நான் திருப்பித்தானே அனுப்பியிருப்பேன் என்றார். வாங்கிப் பார்த்தேன். இல்லை. அவர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் நின்றார், அவர் மனைவி தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று. பிறகு பேனாவை நீட்டி, இப்பவாவது போடு என்றார். போட்டேன். ஓரத்தில் ‘பெறப்பட்டது’ என்று எழுதித் தேதியும் போட்டு அவரே வைத்துக்கொண்டார். பரிசீலிச்சுச் சொல்றேன், அடுத்த வாரம் உப்பைக் குறைச்சுக் கொண்டா என்றார்.

வழுக்கை மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டதைத் தவிர அவனுக்கு வேறு என்ன தகுதி இருந்தது? நீ கண்காணிப்பாளருக்கு உன் கையால் நாலு வரி எழுது, சின்ன வயசில் கத்தியதை அவர் மறக்கவில்லை. மாப்பிள்ளையிடம் பெட்டி வேண்டாம், அன்பு மட்டும் போதும் என்று சொல். குளிரில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் ஒருவருக்கொருவர் குறை வைக்காமல், என்னைப் போல் எதையும் மனதில் வைத்துக்கொண்டு திரியாமல், நிறைவாக வாழ வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

(கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உறையை ஒட்டுமுன் உன் அம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.)