வெற்றிலை எடுத்த கை

செவ்வாய் – ஹட்டன் ஸ்டேஷன். தூறல்.

காலை 10.42. அப்போதுதான் போன் வந்தது. "மாப்ள, சாந்தி போயிட்டா." பேசியது மாமா, என் மனைவியின் அப்பா. டெங்கு, நாலாம் நாள். நான் தேயிலை ஃபேக்டரியில் மூன்றாம் ரோலரின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரீஷியன் வேலை, எதையும் நேரம் போட்டுத்தான் எழுதுவோம். மூன்று மாதமாகிறது. எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் இந்த நேரம்தான் வருகிறது. எழுதியாயிற்று. இனி மற்றது.

ஜெயராஜ் (இனி ஜெ.) வடை வாங்கப் போயிருக்கிறான். பள்ளிக்கூடத்துச் சேக்காளி. காலிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்கு ரயிலில் நாலு நாள். அவன் யோசனை. நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

பையில்: சாரம் 2, டீசேர்ட் 3, சார்ஜர், டெஸ்டர் (ஏன்?), ஸ்வெட்டர்.

ஜெ. வந்து பைக்குள் எட்டிப் பார்த்தான். "காலிக்கு ஸ்வெட்டர் கொண்டுபோற மொத ஆளு நீதான்டா."

அவன் பையிலும் ஒன்று இருக்கிறது. பார்த்தேன், சொல்லவில்லை.

கிளம்பும்போது அம்மா: "சனிக்கிழம தேதி குறிக்க வாறாங்க. வெள்ளிக்குள்ள வந்துரு."

கல்யாணத் தேதி, எனக்கும் நிரோஷாவுக்கும். சாந்தியின் தங்கை. என் கையால் வந்த வினை. போன ஞாயிறு மாமா வெற்றிலைத் தட்டை நீட்டினார். சாவு நடந்த வீடு, மூன்று மாதமாக வருகிறவர் போகிறவர் எல்லோரோடும் தட்டு நீட்டுவதும் எடுப்பதும்தான். கை பழகிவிட்டது. எடுத்து வாயில் போட்டேன். அம்மா கண்ணைத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் தட்டில் மஞ்சளும் எலுமிச்சம்பழமும் கண்ணில் பட்டன. சம்மதம் கேட்கும் தட்டு. அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் நிறைய வெற்றிலை.

புதன் – அம்பலாங்கொடை. வெயில், புழுக்கம்.

நேற்று வத்தளையில் ஜெ.யின் அக்கா வீட்டில் படுக்கை. காலையில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து கரையோர ரயில். கடல் தண்டவாளத்தை ஒட்டியே வருகிறது. சாந்திக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுப்பாள். ரயிலில் எப்படி? கேட்டதில்லை. ஒன்றரை வருடம் கூட இருந்தும் கேட்டதில்லை.

எதிர் சீட்டில் ஒரு சிங்கள அம்மா. இறால் பதித்த இஸ்ஸோ வடையில் பாதியைப் பிய்த்து எனக்கு நீட்டினார். "கசாதத?" கல்யாணம் ஆயிற்றா என்று. "ஓவ்" என்றேன், ஆமாம் என்று. "நோனா கோ?" மனைவி எங்கே? ஜெ. முந்திக்கொண்டு "கெதர" என்றான். வீட்டில்.

இறங்கியதும், "தப்பா சொல்லிட்டனா மச்சான்?"

"இல்லடா."

பிற்பகல் 3.10 அம்மா. "மாமா பொடவ எடுக்கப் போறாராம். என்ன கலர்னு கேக்குறாரு."

"எதுன்னாலும் சரி."

ஜெ. பக்கத்தில்தான் நின்றான். "எதுன்னாலுமா? அந்தப் புள்ளகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களாடா?"

யாரும் கேட்கவில்லை. நானும்.

வியாழன் – காலி. பலத்த காற்று.

11.05 நிரோஷா. தானாக எனக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. நர்சிங் படிக்க எடுத்திருக்காங்க. திங்கக்கெழம போகணும். அம்மா கடிதத்த பெட்டியில வச்சுப் பூட்டிருச்சு."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க வெத்தல எடுத்துட்டீங்க. இனி நான் மாட்டேன்னா அப்பா அடிக்கும். நீங்க சொன்னா உங்கள யாரு அடிக்கப் போறாங்க?"

"வெத்தல... தெரியாம எடுத்துட்டேன்மா. என்ன தட்டுன்னு பாக்கல."

 அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா தெரியாத ஒன்று.

"அய்யோ அத்தான். மனசுக்குள்ள உங்கள எவ்வளவு ஏசினேன் தெரியுமா? கல்யாணம் இல்லன்னு ஆச்சுன்னா அம்மா கடிதத்த குடுத்துரும். அத நான் பாத்துக்கிறேன்."

கோட்டை மதில் மேல் உட்கார்ந்து ஜெ.யிடம் சொன்னேன். "இப்பவே பேசு. நாளைக்குன்னா நீ பேச மாட்ட" என்றான்.

12.20 அம்மா.

"வேணாம்மா."

"என்னா வேணாம்? பொடவயா?"

"கல்யாணம்."

"வெத்தல எடுத்தியேடா! அந்தப் புள்ளகிட்ட என்னா கொற?"

"ஒரு கொறயும் இல்ல. எனக்கு வேணாம்."

"செத்தவ வீட்டு ஆளுங்கள இப்புடியா அவமானப்படுத்துவ?"

"எம்மேலதான் தப்பு. அப்புடியே சொல்லுங்க."

கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நிரோ பேசியது தெரிந்துவிடும். விழுங்கினேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

ஜெ. இளநீர் வாங்கி வந்தான். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அவன் கேலி செய்யவில்லை.

வெள்ளி – மாத்தறை ஸ்டேஷன். மேகமூட்டம்.

காலையிலிருந்து மாமா 7 தடவை. எட்டாவதை எடுத்தேன். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

"மாப்ள, ஒரு மகள குடுத்து எழந்துட்டேன். நீங்களும் விட்டுட்டுப் போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா? இன்னைக்கு வாங்க. ஒக்காந்து பேசுவோம். சரியா?"

தலை ஆடியது. நல்லவேளை, போனில் தெரியாது.

"இல்ல மாமா" என்றேன். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் அழுத சத்தம் கேட்டது. சாந்தி போன அன்றும் அவர் அழுது நான் கேட்டதில்லை.

ஊருக்குப் போனால் நடுவில் உட்காரவைத்துக் கேட்பார்கள். அவர் முகத்தைப் பார்த்தால் தலையாட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை தாண்டட்டும்.

ஜெ. கவுண்டரில் நிற்கிறான். "மேலயா, கீழயா?" ஊருக்கா, இன்னும் தெற்கேயா என்று.

"கீழ."

பெலியத்தைக்கு இரண்டு டிக்கெட். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லையாம். அவசரம் என்றால் கூப்பிட நிரோவுக்கு ஜெ.யின் நம்பரை அனுப்பினேன்.

திரும்பவும் மாமா. அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். போனை அணைத்துவிட்டேன்.