வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம் மழை

சுங்கை சிப்புட்,
பிரபவ வருடம் ஐப்பசி மாதம்

சிரஞ்சீவி அர்ச்சுனனுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் உன் அம்மா, உன் தங்கை நவமணி, நான், மூன்று கோழி எல்லாரும் இங்கே சுகம். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டைகளுக்கு நடுவே நீயும் சுகமாக இருக்க வேண்டும். நவமணிக்குப் பல்வலி போய்விட்டது, முறுக்கு கடிக்கிறாள்.

இங்கே மழைதான் பெரிய சேதி. போன வாரம் காலையில் ரப்பர் மரத்தில் கோடு வெட்டி, அதில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் இறங்கிக்கொண்டிருக்கும்போதே என் மேட்டுக்காட்டில் கொட்டித் தீர்த்துவிட்டது, மங்கெல்லாம் வெறும் வெள்ளைத் தண்ணீர். என் ஆட்கள் காலி வாளியோடு வர, வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் பள்ளக்காட்டுக் கங்காணி பத்துமலையின் ஆட்கள் தளும்பத் தளும்பக் கொண்டுவந்தார்கள். புதுத் துரைக்கு மூக்கு சிவந்துவிட்டது. ஒரே வானம், ஒரே மழை, உன் காட்டுப் பாலை மட்டும் எந்தக் கடையில் விற்றாய் என்று கேட்டார். மழை பாதைக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் பெய்தது துரை என்றேன். அது பொய் என்று தெரிந்தால் என் ஆட்கள் அத்தனை பேரும், உன் அம்மாவும்தான், தோட்டத்தை விட்டு மூட்டை கட்ட வேண்டுமாம். தலைப்பாகை கட்டிய கங்காணி நான் சும்மா இருப்பேனா, மழை பாதை பார்த்து நிற்கும் துரை, காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பால் எடுத்தபின் மங்கைக் கவிழ்த்து வைப்பதுதானே வழக்கம். மேகம் கறுத்த ஒரு நாளில் இரண்டு காட்டிலும் நிமிர்த்தியே வைக்கச் சொன்னேன். மத்தியானம் மழை பிடித்தது பார், கொஞ்ச நேரம் உரலில் குத்துகிற மாதிரி, அப்புறம் மூச்சு வாங்கி, திரும்பவும் குத்து, துளி ஒவ்வொன்றும் நெல்லிக்காய். பால் கொட்டகைத் தகரத்தின் கீழே நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். விட்டதும் துரையைப் பெருமையாகக் கூட்டிப்போனால், மேட்டுக்காட்டு மங்குகளில் எறும்பு குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை! பாதையைத் தாண்டினால் பள்ளக்காட்டில் ஒரு மரத்து மங்கு வழிகிறது, பக்கத்து மரத்தில் முக்கால், அதற்கடுத்ததில் மறுபடி வழிகிறது. என்னா மச்சான், ஒன் மழ எங்கூட்டுக்கு வந்துருச்சா லா என்று பத்துமலை சிரித்தான். மன்னிக்கணும் துரை, அடுத்த மழையில் நிச்சயம் காட்டுகிறேன் என்று பின்னாலேயே ஓடிக் கும்பிட்டேன். துரையோ பாதையின் நடுவே நின்று இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், மலாயில் பாகுஸ் பாகுஸ், ரொம்ப நல்லது என்று சிரிக்கிறார். நான் இன்னும் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். உன் அம்மாதான் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, அட மனுசா, ஒரு பக்கம் பேஞ்சா மறுபக்கம் பேயாதுன்னு தொரைக்கே வெளங்கிருச்சு, நாம செயிச்சுட்டோம், வாய மூடு என்றாள்.

யாரும் மூட்டை கட்ட வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். ஆனால் இனிமேல் மழை வந்தால் அந்தந்தக் கங்காணி தன் காட்டில் நின்று கண்ணால் பார்த்து வந்து சொல்ல வேண்டுமாம். நேற்று நான் இந்தப் பக்கம் தொப்பலாக நிற்கிறேன், பாதைக்கு அந்தப் பக்கம் காய்ந்த வேட்டியோடு பத்துமலை, மச்சான், சுருட்டுக்கு நெருப்பு இருக்கா என்று கேட்கிறான்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் ஒரு மழைக்கோட்டு வாங்கி வா, இரண்டு பேர் நுழைகிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். நான் நனைவதை வேடிக்கை பார்க்க உன் அம்மாவும் கூடவே வருகிறாள்.

இப்படிக்கு,
உன் நனைந்த தகப்பன்,
ஐயாவு கங்காணி